கூல்டிரிங்க்ஸை நிறுத்தினால் அந்த இடத்தில் எதை வைப்பது?

#1 கரண்டிக்கணக்கு

"தண்ணீர் குடித்தால் போதுமே" என்ற பதிலைத் தயவுசெய்து யாரும் போட வேண்டாம். சரியான பதில்தான், ஆனால் அதை நம்பி ஒரே நாளில் நிறுத்துகிறவர்களில் பலர் மூன்றாம் நாள் மறுபடி கேனைத் திறந்துவிடுகிறார்கள்.

ஒரு கோலாவில் ஐந்து சமாசாரங்கள் சேர்ந்திருக்கின்றன: இனிப்பு, புளிப்பு, நுரை, சில்லிப்பு, காஃபின். இதில் எதற்காக மனசு அலைகிறது என்று தெரியாமல் மாற்று தேடினால் எதுவும் ஒட்டாது. கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை உண்டு. ஒரு டம்ளர் கோலாவை ஊற்றி, நுரை முழுக்க அடங்கி அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட்டுக் குடித்துப் பாருங்கள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்றால் நீங்கள் தேடுவது நுரையையும் சில்லிப்பையும். அப்படியும் குடித்து முடித்தால் இனிப்பு. தினமும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் பிற்பகலில், தலை கனத்துக்கொண்டு தேடினால் காஃபின். எண்ணெய்ப் பண்டத்தோடு மட்டும் தேடினால் புளிப்பு.

கணக்கு: சாதாரண கோலாவில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 10.6 கிராம் சர்க்கரை. 330 மி.லி. கேனில் 35 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒன்பது டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, ஒரு நாள் மொத்தக் கலோரியில் 10%க்குக் கீழ். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். 5%க்குக் கீழ், அதாவது 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது அதே வழிகாட்டி. ஆக ஒரு கேனிலேயே 25ஐத் தாண்டியாயிற்று.

ஒரு சொல் குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். இந்த இழையில் "சோடா" என்றால் இனிப்பில்லாத வெறும் நுரைத்தண்ணீர். சர்க்கரை போட்டதெல்லாம் "கூல்டிரிங்க்ஸ்".

#2 அரைடம்ளர்

பழச்சாறுக்கு மாறினால் வேலை முடிந்தது இல்லையா? பழத்துச் சர்க்கரைதானே.

#3 லேபிள்வாசகி

முடியவில்லை. ஆரஞ்சுச் சாறில் 100 மி.லி.க்கு 8 முதல் 9 கிராம், ஆப்பிள் சாறில் 10 கிராம் சுமார், திராட்சைச் சாறில் 14, 15 வரை போகும். திராட்சைச் சாறு கோலாவையே தாண்டிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அந்த வரம்பிலும் பழச்சாறின் சர்க்கரை, தேன் எல்லாம் சேர்த்தே எண்ணப்படுகின்றன. முழுப் பழத்தின் சர்க்கரை அந்தக் கணக்கில் வராது. மூன்று ஆரஞ்சை உரித்துத் தின்னக் கால் மணி நேரம் ஆகும், வயிறும் நிறையும். அதையே பிழிந்தால் அரை நிமிடத்தில் உள்ளே போகிறது, பசி அப்படியே நிற்கிறது.

சாறை ஒதுக்கவும் தேவையில்லை, வாசனைக்கு வைத்துக்கொள்ளலாம். 220 மி.லி. குளிர்ந்த சோடாவில் 30 மி.லி. ஆரஞ்சுச் சாறு: மொத்த டம்ளருக்கும் சர்க்கரை 3 கிராமுக்குள்.

புட்டியில் வாங்குகிறவர்களுக்கு: முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கம் போங்கள். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்பதும் "சர்க்கரை இல்லாதது" என்பதும் வெவ்வேறு. முதல் வகையில் பழத்தின் சொந்தச் சர்க்கரை எவ்வளவும் இருக்கலாம். இரண்டாவது வகைக்குப் பல நாடுகளில் 100 மி.லி.க்கு 0.5 கிராம்தான் உச்சம். பொருட்பட்டியல் எடை வரிசையில் இருக்கும், முதல் மூன்றுக்குள் டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ் சிரப், அடர்த்தியாக்கிய பழச்சாறு, மால்டோடெக்ஸ்ட்ரின் என்று எது வந்தாலும் இனிப்புக்கணக்கில் சேருங்கள். மூன்று நான்கு பெயர்களில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும், அதற்காகவே பிரிக்கிறவர்களும் உண்டு. "ஒரு பரிமாறலுக்கு" என்ற பத்தியை விட்டுவிட்டு "100 மி.லி.க்கு" என்ற பத்தியைப் பாருங்கள். அரை லிட்டர் புட்டியை இரண்டு பரிமாறல் என்று அச்சிட்டிருப்பார்கள், யார் பாதியில் மூடி வைக்கிறார்கள்?

தினமும் குடிக்கிற பானத்துக்கு 100 மி.லி.க்கு 2.5 கிராம் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

#4 நுரைப்பிரியன்

#1இல் சொன்ன சோதனையில் "நுரை" என்று வந்தவர்களுக்கு வேலை மிகச் சுலபம். சோடாவில் சர்க்கரையும் இல்லை, கலோரியும் இல்லை. ஆனால் வீட்டில் போடும்போது பெரும்பாலானோர் ஒரே தப்பைச் செய்கிறார்கள்: தண்ணீர் போதுமான அளவு குளிர்ந்திருக்காது.

சாதாரண வளி அழுத்தத்தில் 0 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 3.3 கிராம் கரியமில வாயுவைக் கரைக்கும். 20 டிகிரியில் அது 1.7 கிராம், ஏறக்குறைய பாதி. அறைச்சூட்டுத் தண்ணீரில் எவ்வளவு வாயு ஏற்றினாலும் டம்ளரில் ஊற்றியதும் புஸ்ஸென்று போய்விடும். முந்தின இரவே தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 4 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரு லிட்டர் சைஃபன் (வாயுக் குப்பியைத் திருகிப் பொருத்தும் சோடாப் புட்டி) என்றால் 8 கிராம் கரியமில வாயுக் குப்பி ஒன்று. குறியீட்டுக் கோடு வரை மட்டும் தண்ணீர், மேலே வாயுவுக்கு இடம் வேண்டும். குப்பியைத் திருகி ஏற்றியதும் நன்றாகக் குலுக்கி, ஒரு மணி நேரமாவது குளிரில் விட்டால் வாயு உள்ளே இறங்கி நிற்கும். குப்பி வாங்கும்போது கவனம்: கிரீம் அடிக்கும் கருவிக்கான நைட்ரஸ் ஆக்சைடு குப்பியும் பார்க்க அப்படியே இருக்கும். அதைப் போட்டால் நுரைத்தண்ணீர் வராது, லேசான தித்திப்போடு சப்பென்று ஒன்று வரும்.

அழுத்திப் போடும் மேசை இயந்திரம் என்றால் நீளமாக ஒரே அழுத்து வேண்டாம், சிறிது சிறிதாக மூன்று நான்கு. எலுமிச்சை, உப்பு, சாறு எதையும் வாயு ஏற்றும் முன் சேர்க்காதீர்கள். கரைந்த பொருளும் தூளும் குமிழி பிடிக்க இடம் கொடுத்து நுரையைப் பொங்க வைக்கும். மூடியைத் திறந்த நிமிடம் கூரை வரை அடிக்கும், வால்வும் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் புட்டியில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டிப் பயன்படுத்தக் கூடாது. கொதிநீரில் கழுவவும் கூடாது, வடிவம் மாறி அழுத்தம் தாங்காது. நுரை திடீரென்று குறைய ஆரம்பித்தால் இயந்திரத்தைப் பழிக்கும் முன் ரப்பர் வாஷரைப் பாருங்கள்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. டானிக் வாட்டர் சோடா ஆகாது. குவினைனின் கசப்பை மறைக்க 100 மி.லி.க்கு 8, 9 கிராம் சர்க்கரை போடுவது வழக்கம். கிளப் சோடாவில் சோடியம் உப்புகள் சேர்த்திருப்பார்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவைப் பார்த்து வாங்கவும்.

#5 அரைடம்ளர்

இயந்திரம் எதற்கு? சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் பொங்குகிறதே.

#6 நுரைப்பிரியன்

பொங்கும். கூடவே ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவில் 1200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உள்ளே போகும். பெரியவருக்கு ஒரு நாள் முழுவதற்குமான வரம்பு 2000. தினப்படிப் பானத்துக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம்.

நுரையைவிடத் தொண்டையில் அந்தச் சுருக்கென்ற எரிப்புதான் வேண்டும் என்பவர்களுக்கு இஞ்சி. 20 கிராம் இஞ்சியை மெல்லிய வட்டமாக நறுக்கி, 500 மி.லி. தண்ணீரில் 15 நிமிடம் சிறுதீயில் வைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது மாவுச்சத்து, கெட்டுப்போனதென்று கொட்ட வேண்டாம், மேலாக இறுத்துக்கொண்டால் போதும். 50 மி.லி. இந்த வடிநீர், 200 மி.லி. சோடா. இஞ்சி நீரை முதலில் விட்டு, டம்ளரைச் சாய்த்துச் சோடாவை ஓரமாக ஊற்றவும். கரண்டி போட்டுக் கலக்கினால் நுரை போயிற்று.

நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம் உள்ளவர்களுக்குச் சோடா ஒத்துவராது. அவர்கள் அடுத்த பதிலுக்குப் போகலாம்.

#7 தேயிலைக்கிண்ணம்

காஃபின் பக்கம் வருகிறேன். 330 மி.லி. கோலாவில் சுமார் 32 மி.கி. காஃபின். 240 மி.லி. பச்சைத் தேநீரில் 30 சுமார், கறுப்புத் தேநீரில் 45 முதல் 50, வடிகட்டிய காப்பியில் 95 வரை. ஆக ஒரு கேனுக்குப் பதில் ஒரு கோப்பைப் பச்சைத் தேநீர் என்றால் காஃபின் கணக்கு நேராகிவிடும். திடீரென்று முழுக்க நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், இரண்டாம் நாள் உச்சம், சிலருக்கு ஒரு வாரம்கூட நீளும். "கூல்டிரிங்க்ஸை விட்டதும் உடம்பு சரியில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். சர்க்கரையையும் காஃபினையும் ஒரே வாரத்தில் வெட்டாதீர்கள்.

சில்லென்று வேண்டுமானால் குளிர்நீரிலேயே ஊறவைப்பது நல்லது. ஒரு லிட்டர் குடிநீருக்கு 8 முதல் 10 கிராம் இலை. மூடி, குளிர்சாதனப் பெட்டிக்குள் பச்சை இலைக்கு 6 முதல் 8 மணி நேரம், கறுப்பு இலைக்கு 8 முதல் 12. பிறகு இலையை வடித்து எடுத்துவிட வேண்டும். குளிர்நீரில் காஃபினும் துவர்ப்புப் பொருள்களும் குறைவாக இறங்குவதால் சர்க்கரை இல்லாமலே வழவழப்பாக இருக்கும். மேசைமேல் வைத்து ஊறவைக்காதீர்கள், அந்தச் சூட்டில் கிருமிகளும் சேர்ந்து வளரும். இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

என்ன தப்பாகும்? சூடாகப் போட்ட கெட்டித் தேநீரை நேரே குளிரில் வைத்தால் கலங்கிப் பால் கலந்ததுபோல் ஆகும். காஃபினும் துவர்ப்புத் தரும் பாலிஃபீனால்களும் ஒன்றோடொன்று கட்டிக்கொள்வதால் வருவது. கெட்டதல்ல, கொஞ்சம் வெந்நீர் ஊற்றினால் தெளியும். பச்சைத் தேநீர் கசந்தால் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்திருக்கும். அதற்கு 70 முதல் 80 டிகிரி போதும். வெப்பமானி இல்லாவிட்டால் மூன்று பங்கு கொதிநீரில் ஒரு பங்கு சாதாரணத் தண்ணீர் சேருங்கள், 80க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் இலையை எடுத்துவிடவும்.

பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மி.கி. காஃபின் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் சாப்பாட்டோடு தேநீர் வைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

#8 பல்லுக்குப்பல்

யாரும் தொடாத ஒன்று. சர்க்கரையை எடுத்துவிட்டால் பல் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். பல்லின் வெளிப்பூச்சான எனாமல் 5.5 பி.எச்.க்குக் கீழே கரையத் தொடங்கும் (பி.எச். என்பது புளிப்பை அளக்கும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). கோலா 2.5 அளவில் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு அதற்குச் சமம் அல்லது அதைவிடப் புளிப்பு, தண்ணீரில் பிழிந்தாலும் 3க்குப் பக்கம்தான். வெறும் சோடா 4க்கும் 5க்கும் இடையில். சர்க்கரையில்லாத கோலாவும் சர்க்கரைக் கோலாவுக்கு இளைத்ததில்லை.

இங்கே அளவைவிட நேரம்தான் பல்லைத் தின்கிறது. ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணீரைச் சாப்பாட்டோடு ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்தால் எச்சில் அரை மணி, ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடும். அதே டம்ளரைப் புட்டியில் ஊற்றி வைத்துக் காலை முதல் மாலை வரை உறிஞ்சிக்கொண்டிருந்தால் எச்சிலுக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. புளிப்பு குடித்ததும் வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காதீர்கள், இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் கழித்து. உறிஞ்சுகுழலும் உதவும், நுனி முன்பற்களைத் தாண்டி உள்ளே இருந்தால்.

#9 புதினாக்கட்டு

அதனால்தான் நாள்முழுக்கப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் தண்ணீரில் எலுமிச்சை வேண்டாம், வெள்ளரியும் புதினாவும் போடுங்கள் என்பது. ஒரு லிட்டர் குளிர்நீருக்கு மெல்லியதாக நறுக்கிய வெள்ளரி பத்து வட்டம், பத்துப் பன்னிரண்டு புதினா இலை. இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும். கசக்கினால் பச்சை வாசம் ஏறிப் புல் கடித்ததுபோல் ஆகிவிடும். குளிரில் இரண்டு முதல் நான்கு மணி நேரம்.

ஆரஞ்சோ எலுமிச்சையோ போடத்தான் வேண்டும் என்றால் தோலுக்கும் சுளைக்கும் நடுவில் உள்ள வெள்ளைப் பகுதிதான் கசப்புக்குக் காரணம். தோலைச் சீவிப் போடலாம், அல்லது நான்கு மணி நேரத்தில் துண்டுகளை எடுத்துவிடலாம். நறுக்கும் முன் தோலை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், தோலில் இருப்பதெல்லாம் தண்ணீருக்குத்தான் வரும். அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குளிரில் வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் தீர்ந்ததும் அதே துண்டுகள் மேல் மறுபடி ஊற்றுவது ஒருமுறை சரி, அதற்கு மேல் வாசமும் இராது.

இதில் வைட்டமின் கொட்டுகிறது, உடம்பின் நச்சு எல்லாம் வெளியேறுகிறது என்று எழுதுகிறார்களே, அதைக் கண்டுகொள்ளாதீர்கள். வாசனைத் தண்ணீர், அவ்வளவுதான். நச்சைப் பார்த்துக்கொள்ளக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

#10 அரைடம்ளர்

இவ்வளவு பாடு எதற்கு, டயட் கோலா வாங்கினால் ஆயிற்று. சர்க்கரை பூஜ்யம்.

#11 லேபிள்வாசகி

உடல் எடையைக் கட்டுப்படுத்த, அதில் சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் வழிகாட்டியே வெளியிட்டது. நாக்கு அதே தித்திப்பில் பழகிக் கிடக்கும், பல்லுக்கு ஆகும் சேதம் #8இல் சொன்னதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

#12 கரண்டிக்கணக்கு

ஓரளவுக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன். அந்த வழிகாட்டி நீண்டகாலப் பயன்பாட்டைப் பற்றியது, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. நாளுக்கு நான்கு கேன், 140 கிராம் சர்க்கரை உள்ளே தள்ளுகிறவர் இரண்டு மாதம் டயட் கோலாவில் நின்றுவிட்டு இறங்கினால் லாபம்தான். புற்றுநோய் பயம்: டயட் கோலாவில் போடும் இனிப்பூட்டியான அஸ்பார்ட்டேமை 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோயை "ஏற்படுத்தக்கூடும்" என்ற 2பி வகையில் வைத்தது, ஆதாரம் குறைவாக இருக்கும்போது போடும் வகை அது. அதே மாதம் உணவுச் சேர்மானங்களுக்கான கூட்டு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.கி. என்ற தினசரி வரம்பை மாற்றாமல் விட்டது. 70 கிலோ உள்ளவருக்கு அது ஒன்பது கேனுக்குக் குறையாது. ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அறவே தொடக் கூடாது.

படியாக வைத்துக்கொள்ளலாம், வீடாக்கிக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி.

#13 லேபிள்வாசகி

படி என்று சொல்லி அங்கேயே பாய் விரித்துப் படுப்பவர்கள்தான் அதிகம். எத்தனை வாரம் என்று தேதி குறித்துக்கொண்டால் சரி.

#14 நுரைப்பிரியன்

நாக்கை இறக்க வேறு வழியும் இருக்கிறது. கூல்டிரிங்க்ஸில் அவ்வளவு சர்க்கரை போடுவதற்குக் காரணமே சில்லிப்பும் புளிப்பும்தான், இரண்டும் தித்திப்பை அமுக்கும். சூடான, நுரை போன கோலா திகட்டுவது அதனால்தான். இதைத் திருப்பிப் போடுங்கள்: புளிப்பைக் குறைத்து, பனிக்கட்டி இல்லாமல், 10 முதல் 12 டிகிரியில் குடித்தால் பாதிச் சர்க்கரையே போதுமென்று தோன்றும். லவங்கப்பட்டை, வெனிலா மாதிரி வாசனைகளும் இல்லாத இனிப்பை இருப்பதுபோல் காட்டும். ஒரு லிட்டருக்கு நான்கு விரலில் அடங்கும் பட்டைத் துண்டு ஒன்று, இரவு முழுக்கக் குளிரில்.

இறங்கும் கணக்கு: முதல் வாரம் மூன்றில் இரண்டு பங்கு கோலா, ஒரு பங்கு சோடா. இரண்டாம் வாரம் பாதிக்குப் பாதி, 330 மி.லி.க்கு 17, 18 கிராம் சர்க்கரையாகிவிடும். மூன்றாம் வாரம் ஒரு பங்கு கோலா, இரண்டு பங்கு சோடா. நான்காம் வாரம் இஞ்சி வடிநீரோ 30 மி.லி. சாறோ விட்ட சோடா. தண்ணீர் ஊற்றிக் கலக்கக் கூடாது, நுரை செத்து மருந்துபோல் ஆகும், இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள். இரண்டும் ஒரே குளிரில் இருக்கட்டும். இதில் காஃபினும் மெல்லக் குறைவதால் தலைவலியும் வராது. மூன்றாம் வாரம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், அங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். வேண்டுமானால் அந்த வாரத்தை இரண்டு வாரமாக நீட்டுங்கள், பின்னால் மட்டும் போகாதீர்கள்.

#15 புதினாக்கட்டு

பால், மோர் பற்றி ஒரு வரி. பாலில் 100 மி.லி.க்கு 4.8 கிராம் சர்க்கரை என்று அட்டையில் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது லாக்டோஸ், அந்த வரம்புக் கணக்கில் சேராது. தயிர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, சிட்டிகை உப்பு: புளிப்புக்காகக் கோலா தேடுகிறவர்களுக்கு இதுவே போதும். ஓட்ஸ் பாலில் மட்டும் கவனம், நொதி போட்டு மாவுச்சத்தை உடைக்கும்போதே இனிப்பு வந்துவிடும், தனியாகச் சர்க்கரை சேர்க்காவிட்டாலும்.

#16 தேயிலைக்கிண்ணம்

தேன் விட்டால் நல்லதா என்று கேட்கப் போகிறீர்கள். ஒரு மேசைக்கரண்டித் தேன் 21 கிராம், அதில் 17 கிராம் சர்க்கரை. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது, பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரும் ஆபத்து.

#17 கரண்டிக்கணக்கு

சர்க்கரை வேண்டிய இடமும் இரண்டு உண்டு, அதை எழுதாவிட்டால் இந்த இழையே சிலருக்கு ஆபத்தாகிவிடும்.

இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கினால் உடனே 15 கிராம் வேகமாகக் கரையும் சர்க்கரை வேண்டும், சாதாரணக் கூல்டிரிங்க்ஸ் என்றால் 150 மி.லி. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். டயட் வகை இங்கே எதற்கும் உதவாது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் ஒரு சிறிய கேன் இருக்கட்டும், அதைத் தூக்கி எறியாதீர்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கூல்டிரிங்க்ஸ் கொடுப்பது நேர்மாறு. சர்க்கரை அதிகம், சோடியம் மிகக் குறைவு, குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டக் கூடாது, சுவைத்துப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிப்பாக இருக்கக் கூடாது. குடல் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உறிஞ்சுவதால்தான் இங்கே சர்க்கரை.

விளையாட்டுப் பானம் இதற்கு மாற்றில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்க்க ஓடுகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதுவும் 100 மி.லி.க்கு 6 கிராம் சர்க்கரை உள்ள இன்னொரு கூல்டிரிங்க்ஸ்தான்.

#18 அரைடம்ளர்

சரி, சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லலாம். #14இல் பாதிக்குப் பாதி கலந்து புட்டியில் எடுத்துப்போக முடியுமா, உடனே குடித்தாக வேண்டுமா?

#19 நுரைப்பிரியன்

எடுத்துப்போகலாம். நுரைக்கென்றே செய்த திருகுமூடிப் புட்டியில், கழுத்துவரை நிரப்பி, குளிரவைத்த பிறகு. மேலே காலியிடம் விட்டால் வாயு அங்கே ஏறிக்கொள்ளும், திறந்ததும் வெளியே போய்விடும். சாதாரண வெந்நீர்க் குடுவையில் மட்டும் வேண்டாம். சூடேறும்போது அழுத்தம் கூடி மூடி தெறிக்கும், நுரைப்பானம் ஊற்றாதே என்று பலவற்றின் அடியிலேயே எழுதியிருக்கும். ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவுங்கள், கருப்பு பூசணம் முதலில் அங்கேதான் பிடிக்கும்.